நின்றவளின் கணக்கு

திருப்பூரில் எந்தப் பின்னலாடைக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் முதலில் எதிர்ப்படுவது நூல்தான். அட்டைப்பெட்டிகளிலும் சாக்குகளிலும் கோன் கோனாக வந்து இறங்கும். ஒரு கோனைக் கவிழ்த்து, அதன் காகிதக் குழலுக்குள் பார்த்தால் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மில்லின் பெயர், நூல் நம்பர், லாட் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் நாற்பது, அதாவது 33,600 கஜம். துணி ஓடும்போது பட்டை விழுந்தால் லாட் நம்பரைப் பிடித்துக்கொண்டு மில்லுக்குப் போன் போடுவார்கள். ஒழுங்காகப் பதிவேடு வைத்திருக்கும் மில்லாக இருந்தால், எந்த ஷிப்டில் எந்த மிஷினில் ஓடிய நூல் என்பதுவரை பின்னோக்கிப் போய்விட முடியும்.

அந்த மிஷினில் நின்ற பெண் மாதாமாதம் சம்பளம் வாங்கினாளா, ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் தாண்டிக் கடைவீதிக்குப் போக முடிந்ததா, வேலை ஒத்துவரவில்லை என்றால் நின்றுவிட முடிந்ததா? சீட்டில் அதற்கு இடம் இல்லை.

இந்தக் கட்டுரை மூன்றாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஓர் உற்பத்தியாளர் தன் தொழிற்சாலையிலும், தனக்குச் சரக்கு தருகிறவர்களின் தொழிற்சாலைகளிலும் நவீன அடிமைமுறை நுழையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றி இப்போது நாட்டுக்கு நாடு சட்டம் வருகிறது. கம்பெனிகள் வருடா வருடம் அறிக்கை போடுகின்றன. அந்தப் பேச்செல்லாம் பெரும்பாலும் வேலையில் இருப்பவர்களைப் பற்றித்தான். வேலையை விட்டு நின்றவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டு நூற்பாலைகளின் அனுபவம் அப்படித்தான் சொல்கிறது.

எண்ணிக்கையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் வேறு இரு அமைப்புகளும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முந்தைய ஆண்டில் உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் நவீன அடிமை நிலையில் இருந்தார்கள். 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில், மீதி 2.2 கோடிப் பேர் கட்டாயத் திருமணத்தில். வேலையும் கல்யாணமும் வெவ்வேறு கட்டங்களாகப் பிரித்து எழுதப்பட்ட கணக்கு அது. நம் ஊரிலோ இரண்டையும் ஒரே நோட்டீஸில் அச்சடித்தார்கள்.

சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று அதற்குப் பல பெயர்கள். தொழிற்சங்கக்காரர்கள் வைத்த பெயர் கேம்ப் கூலி முறை. 1990-களுக்குப் பிறகு கோவை, திண்டுக்கல், ஈரோடு, விருதுநகர் வட்டாரத்து மில்கள் பலவற்றில் பரவியது. நோட்டீஸில் சிரித்த முகமாக இளம்பெண்களின் படம் இருக்கும். தங்கும் இடம் இலவசம், மூன்று வேளைச் சாப்பாடு, டிவி, யோகா வகுப்பு, பாதுகாப்பான ஹாஸ்டல். மூன்று வருடம் முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை. 30 ஆயிரத்திலிருந்து 50, 60 ஆயிரம் வரை மில்லுக்கு மில் மாறும். ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலி, தேனி, விழுப்புரம் எனக் கிராமங்களுக்குப் புரோக்கர்கள் போனார்கள். ஆள் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். வந்தவர்களில் பெரும்பாலோர் பதினான்கு வயதுக்கும் இருபது வயதுக்கும் இடைப்பட்டவர்கள். தலித் குடும்பங்களையும் நிலமற்ற குடும்பங்களையும் சேர்ந்தவர்கள். மகள் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு வந்தால் நகைக்கும் சீருக்கும் ஆகும் என்பது பெற்றோரின் கணக்கு. வரதட்சணை 1961-லேயே சட்டப்படி குற்றமாகிவிட்டது என்பதையும், அந்தக் குற்றத்துக்கு முதல் சேர்க்கும் வழியைச் சுவரொட்டி ஒட்டி விளம்பரப்படுத்த முடிந்தது என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

பெயரில் இருந்த ‘திட்டம்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு அரசு உதவி தந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டம் 1989-இல் தொடங்கியது. கிராமத்தில் திட்டம் என்றால் அரசாங்கம் கொடுப்பது. மில் கொடுக்க வேண்டிய கூலிக்கு அந்தப் பெயரைச் சூட்டியதும் கூலி சலுகையாகிவிட்டது. சலுகை தருகிறவரிடம் நாள் தள்ளிப்போகிறதே என்று யார் கேட்பார்கள்?

இப்போது கணக்கைப் போடுவோம். மூன்று வருட முடிவில் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 36 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 1,111 ரூபாய். நாளைக்கு 37 ரூபாய். கைக்கு வரும் சொற்பச் சம்பளத்துக்கு மேல், ஒவ்வொரு நாளும் அந்தப் பெண் 37 ரூபாயை மில்லிடம் விட்டுவைக்கிறாள். முதல் மாத முடிவில் நின்றால் இழப்பு 1,111. ஒரு வருடத்தில் நின்றால் 13,333. முப்பதாவது மாதத்தில் நின்றால் 33,333. வேலை நாளுக்கு நாள் உடம்பை அரிக்க அரிக்க, விட்டுப் போவதற்கான விலை ஏறிக்கொண்டே போகிறது. காய்ச்சலில் படுத்த நாட்களும் ஊருக்குப் போன நாட்களும் மூன்று வருடத்தின் கடைசியில் ஒட்டவைக்கப்படும். கெடு முடியச் சில மாதங்கள் இருக்கும்போது உடம்புக்கு முடியவில்லை என்றோ, ஒழுங்கு சரியில்லை என்றோ வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் வாக்குமூலங்கள் அந்தக் காலத்து ஆய்வறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

பழைய கொத்தடிமை முறையை நாம் அறிவோம். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கல் குவாரியிலும் முன்பணம் வாங்கியவர் கட்டுப்படுவார். கடன் பட்டவருக்குத்தான் விலங்கு. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்த முன்பணத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. மில்லில் நடந்தது நேர் தலைகீழ். அங்கே கடன்காரர் மில். பாக்கி வைத்திருப்பது மில். கடன் கொடுத்தவள், அதுவும் வட்டியில்லாமல் கொடுத்தவள், அந்தப் பெண். ஆனாலும் கட்டுப்பட்டுக் கிடந்தவள் அவள்தான். ‘எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினாய்?’ என்று கேட்கிற அதிகாரிக்கு ‘எதுவும் வாங்கவில்லை’ என்ற உண்மையான பதில் கிடைக்கும்; கொத்தடிமை இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

இதைத் தடுக்க நம்மிடம் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1936-இல், சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. சம்பளக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும், மற்ற இடங்களில் 10-ஆம் தேதிக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. மூன்று வருடம் கழித்துக் கூலி என்பது இந்த ஒரு வரிக்கே எதிரானது. தப்பிக்க இரண்டு சொற்கள் பயன்பட்டன. தள்ளிப்போட்ட கூலியை ‘ஊக்கத்தொகை’ என்றார்கள். தொழிலாளியைப் ‘பயிற்சியாளர்’ என்றார்கள். ரிங் ஃபிரேமில் சைடர் வேலை, அதாவது ஆயிரத்துக்கும் மேல் கதிர்கள் சுழலும் மிஷினின் பக்கவாட்டில் நடந்துகொண்டே அறுந்த இழைகளை ஒட்டும் வேலை, கை பழகச் சில மாதம் போதும். மூன்று வருடப் பயிற்சி அதற்கு எதற்கு? பயிற்சியாளருக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று தமிழ்நாடு அரசு 2008-இல் நிர்ணயித்ததும் ஆலைத் தரப்பு நீதிமன்றம் போனது. அரசு சொன்னது சரி என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2016 ஆனது. அந்த எட்டு வருடத்தில் மூன்று வருட ஒப்பந்தங்கள் இரண்டரைச் சுற்று முடிந்திருக்கும்.

உச்ச நீதிமன்றம் இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே ஒரு திறவுகோலைச் செய்து வைத்திருந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக தில்லியில் நடந்த கட்டுமான வேலைகள் பற்றிய வழக்கில் நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு அது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் வேலை செய்தால், அவரைப் பசி அப்படிச் செய்ய வைத்திருந்தாலும், அது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றது. சாட்டை வேண்டாம், சங்கிலி வேண்டாம். வேறு வழியில்லாமை போதும். கட்டாயம் என்பதற்கு இதைவிட விரிந்த பொருளை நான் வேறெங்கும் படித்ததில்லை. மில் முதலாளிகள் இதை மறந்தால் ஆச்சரியமில்லை. ஏற்றுமதிக் கம்பெனிகளின் கொள்கை ஆவணங்களில் இந்தத் தீர்ப்பு தலைகாட்டாததுதான் விசித்திரம். அவற்றில் பன்னாட்டு உடன்படிக்கைகளின் எண்கள் மட்டும் வரிசையாக இருக்கும்.

மில் தரப்பின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நூற்பாலை இருபத்துநான்கு மணி நேரமும் ஓட வேண்டிய தொழில். மிஷினை நிறுத்தினால் போட்ட முதலுக்கு வட்டி ஏறும். ஆள் வராவிட்டால் கதிர் சும்மா சுற்றும். பழைய கோவை மில்களில் நிரந்தரத் தொழிலாளர்களும் வலுவான சங்கங்களும் இருந்தன. புது மில்கள் நகரத்தை விட்டு வேடசந்தூர், உடுமலை, ராஜபாளையம் பக்கம் போனபோது நிரந்தரம், சங்கம் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டுப் போயின. பழக்கிய ஆள் ஆறு மாதத்தில் போய்விடக் கூடாது. தினமும் ஷிப்டுக்கு வர வேண்டும். ஹாஸ்டல் வருகையை உறுதி செய்தது. மொத்தத் தொகை, ஆள் போகாமல் இருப்பதை உறுதி செய்தது. நல்ல சம்பளம் கொடுத்து ஆளைத் தக்கவைப்பது ஒரு வழி. உள்ள சம்பளத்தையே பிடித்துவைத்துத் தக்கவைப்பது இன்னொரு வழி. இரண்டாவது மலிவானது. நூல் வாங்குகிறவர்களும் மலிவைத்தான் கேட்டார்கள். ஹாஸ்டல் கேட் பூட்டியிருப்பதைப் பெற்றோரே விரும்பினார்கள் என்று மில் தரப்பு சொன்னது பொய்யும் அல்ல. வயசுப் பெண்ணை வெளியூர் அனுப்புகிற வீட்டுக்குப் பூட்டு ஒரு ஆறுதல். ஆனால் செல்போன் கூடாது, வீட்டுக்குப் பேச நேரக் கட்டுப்பாடு, வெளியே போனால் வார்டன் துணையோடு கும்பலாக என்பதெல்லாம் சேரும்போது, கூலி வரவில்லை என்று வெளியே சொல்லும் வாயும் அந்தப் பூட்டுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது.

விஷயம் ஐரோப்பாவுக்குப் போனது 2011-இல். நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வு அமைப்புகளான சோமோவும் இந்தியக் குழுவும் இங்குள்ள அமைப்புகளின் கள ஆய்வை வைத்து அறிக்கை வெளியிட்டன. 2014-இல் ஐந்து மில்களைப் பற்றி இன்னொன்று. 2016 டிசம்பரில் இந்தியக் குழு வெளியிட்ட அறிக்கை எழுநூற்றுக்கும் மேற்பட்ட மில்களைத் தொட்டது. அவற்றில் 91 சதவீதத்தில் ஏதோ ஒரு வடிவில் கட்டாய உழைப்பு இருந்ததாகச் சொன்னது. ஆலைச் சங்கங்கள் அதை ஏற்கவில்லை. அளவு பற்றிய சண்டை ஒருபுறம் இருக்க, ஐரோப்பியக் கடைகளில் சட்டை விற்கிற கம்பெனிகள் சிக்கிக்கொண்ட இடம் வேறு. அவர்கள் ஆடிட்டர் அனுப்பியது தைக்கிற தொழிற்சாலைக்கு. பிரச்சினையோ அதற்குப் பின்னால், பின்னல், சாயம் எல்லாம் தாண்டி, நூல் இழைக்கிற இடத்தில். அந்த மில் யாருடையது என்பதே பல பிராண்டுகளுக்குத் தெரியாது. நூல் வியாபாரி வழியாக வரும்போது இரண்டு மூன்று மில் நூல் ஒரே ஆர்டரில் கலந்துவிடும்.

‘தெரியாது’ என்பதை மட்டும் நான் அவ்வளவு எளிதாக நம்பத் தயாரில்லை. கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் திருப்பூர் முழுக்க அதே பேச்சாக இருக்கும். 2022 மே மாதம் நூல் விலையேற்றத்தை எதிர்த்து இங்கே கடையடைப்பும் வேலைநிறுத்தமுமே நடந்தன. விலையில் இத்தனை நுணுக்கமாகக் கண் வைத்திருக்கிற தொழில், அந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்பதில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது.

சட்டங்களின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். பிரிட்டன் 2015-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் இயற்றியது. அதன் 54-ஆம் பிரிவின்படி, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டுக்குக் குறையாத கம்பெனிகள், தங்கள் தொழிலிலும் சரக்குத் தொடரிலும் அடிமைமுறை இல்லாமல் பார்த்துக்கொள்ள என்ன செய்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். இயக்குநர் குழு ஒப்புதல் தர வேண்டும், இயக்குநர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், இணையதள முகப்பில் கண்ணில் படும்படி இணைப்பு இருக்க வேண்டும். எல்லாம் சரி. ‘நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று அறிக்கை வெளியிட்டாலும் அந்தப் பிரிவின்படி கடமை முடிந்துவிடும்! சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. 2018-இல் வந்த ஆஸ்திரேலியச் சட்டம், 10 கோடி டாலருக்குக் குறையாத வருவாய் உள்ளவர்களைக் கேட்கும் கேள்விகளைக் கூட்டியது. ஆனால் அதுவும் அறிக்கைச் சட்டம்தான். பிரான்ஸ் 2017-இலும் ஜெர்மனி 2023 முதலும் ஒரு படி மேலே போய், அபாயத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்வதையே கடமையாக்கின. அமெரிக்கா வேறு வழியில் போனது. கட்டாய உழைப்பில் செய்த சரக்கு நாட்டுக்குள் வரக் கூடாது என்கிறது அதன் 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 307-ஆம் பிரிவு. துறைமுகத்தில் கன்டெய்னர் நிற்கும். நூறு பக்க அறிக்கையைவிட நின்றுபோன ஒரு கன்டெய்னர் முதலாளியை வேகமாக யோசிக்க வைக்கும்.

மலேசியாவின் ரப்பர் கையுறைத் தொழிலில் அது நடந்தது. கொரோனா காலத்தில் உலகமே கையுறைக்கு அலைந்த 2020 ஜூலையில், மிகப் பெரிய உற்பத்தியாளரான டாப் குளோவின் இரண்டு துணை நிறுவனங்களின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை நிறுத்தியது. அங்கே விலங்கு பழைய மாதிரியானது. வங்கதேசத்திலும் நேபாளத்திலும் இருந்து வந்தவர்கள் ஏஜெண்டுக்குப் பெருந்தொகை கொடுத்து, அந்தக் கடனை அடைக்க உழைத்துக்கொண்டிருந்தார்கள். 2021 செப்டம்பரில் தடை நீங்குவதற்குள் கம்பெனி 10 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. முன்பே வேலையை விட்டுப் போன பலருக்கும் அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது. எனக்கு இந்தச் செய்தியில் முக்கியமாகப் பட்டது அதுதான்: நின்றவர்களுக்கும் கணக்கு இருக்கிறது என்று ஒரு கம்பெனி ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ஆடிட் பற்றியும் ஒரு வார்த்தை. 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்தத் தொழிற்சாலை பெயர்பெற்ற ஒரு சர்வதேசச் சமூகத் தரச் சான்றிதழ் வாங்கியிருந்தது. ஆடிட்டர் வரும் தேதி முன்கூட்டியே தெரியும். கேள்விகளும் ஏறத்தாழ தெரியும். பதில் சொல்லும் பெண்ணுக்கு, ஆடிட்டர் மாலையில் கார் ஏறிப் போய்விடுவார், தான் ஹாஸ்டலுக்குத்தான் திரும்ப வேண்டும் என்பதும் தெரியும். ‘நீங்கள் இஷ்டப்பட்டுத்தான் வேலை செய்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு இல்லை என்று யார் சொல்வார்கள்? அதுவும் முப்பதாவது மாதத்தில், 33 ஆயிரம் ரூபாய் மில்லின் கையில் இருக்கும்போது?

திண்டுக்கல் பக்கம் இதற்கு ஒரு மாற்று முயற்சி நடந்தது. தொடக்கம் துயரமானது. 2021 ஜனவரியில், வேடசந்தூர் அருகே ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இருபது வயதுத் தலித் பெண் கொல்லப்பட்டார்; அதே தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். பாலியல் தொல்லை பற்றி முன்பே பேச்சு இருந்தும் கேட்க ஆளில்லை என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதைக் கையில் எடுத்தது. 2022 ஏப்ரலில் அந்தத் தொழிற்சாலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம், அந்தச் சங்கம், சங்கத்துக்குத் துணை நின்ற பன்னாட்டு அமைப்புகள், ஆடை வாங்கும் எச் அண்ட் எம் ஆகியோர் தனித்தனியாகவும் ஒன்றோடொன்று இணைந்தவையாகவும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் திண்டுக்கல் உடன்பாடு என்று பெயர் பெற்றன. கேப், பிவிஎச் நிறுவனங்கள் பிறகு சேர்ந்தன. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்தத் தொழிற்சாலைச் சரக்குக்குத் தடை விதித்தது. உடன்பாடு நடைமுறையில் இருப்பதற்கான ஆதாரங்களைப் பார்த்துவிட்டு செப்டம்பரிலேயே நீக்கியது.

இந்த உடன்பாட்டில் மூன்று விஷயங்கள் எனக்குப் புதிதாகப் பட்டன. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பதால், ஆலை விதியை மீறினால் வாங்குகிறவரும் வணிக ரீதியாக நடவடிக்கை எடுத்தாக வேண்டும். வருத்தம் தெரிவித்து ஓர் அறிக்கை விட்டு ஒதுங்க முடியாது. இரண்டாவது, தையல் ஆலையோடு நிற்காமல் அதே குழுமத்தின் நூற்பாலையையும் சேர்த்துக்கொண்டது. மூன்றாவது, 25 பேருக்கு ஒருவர் வீதம் தொழிலாளர்களிலேயே கண்காணிப்பாளர்களைச் சங்கம் அமர்த்தியது. ஆடிட்டர் வருடத்துக்கு ஒருநாள் வருவார்; இவர் அடுத்த மிஷினிலேயே நிற்கிறார். முதல் ஆண்டு அறிக்கையின்படி 185 புகார்கள் வந்தன. 182 தீர்க்கப்பட்டன, பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். புகாரே வராத தொழிற்சாலையை ‘சுத்தம்’ என்று எழுதிக்கொள்கிற ஆடிட் பழக்கத்துக்கு இந்த 185 ஒரு நல்ல பதில். ஆனாலும் இது ஒரு குழுமத்தின் சில ஆலைகளில் நடந்த கதை. மாநிலத்தில் இருக்கும் நூற்பாலைகள் ஆயிரத்துக்கும் மேல்.

எல்லோரும் அப்படி உடன்பாடு போடக் காத்திருக்க வேண்டியதில்லை. நூல் வாங்குகிற ஒரு நடுத்தரப் பின்னலாடைக் கம்பெனி நாளைக்கே என்ன கேட்கலாம்? ‘உங்கள் மில்லில் கட்டாய உழைப்பு உண்டா?’ என்று படிவம் அனுப்புவது வீண் வேலை. எந்த மில்லும் ‘ஆம்’ கட்டத்தில் டிக் அடிக்கப் போவதில்லை. நான் கேட்கச் சொல்வது வேறு பதிவேடுகளை. போன வருடம் வேலையை விட்டு நின்றவர்களின் பட்டியலைக் கொடுங்கள். ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, நின்ற தேதி, கணக்கு முடித்துக் கொடுத்த தேதி, தொகை, எந்த வங்கிக் கணக்குக்குப் போனது. பதினெட்டாவது மாதத்தில் நின்றவளுக்கு அதுவரையிலான முழுப் பாக்கியும் போயிருக்கிறதா, அல்லது வெறும் கடைசி மாதச் சம்பளமா? பி.எஃப். கணக்கில் பணி முடிந்த தேதி ஏற்றப்பட்டிருக்கிறதா? அது ஏறாவிட்டால் பணம் எடுப்பது பெரும்பாடு. யாருமே நிற்காத மில் என்று ஒன்று இருந்தால் அதைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று ஊரே புலம்பும் தொழிலில் ஒருவர்கூட வேலையை விடவில்லை என்றால், விட முடியவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம்.

அடுத்து புரோக்கர் கமிஷன் வவுச்சர். ஆள் சேர்ந்ததும் முழுக் கமிஷனா, வருடம் முடிந்தால்தான் மீதியா? மீதி பாக்கி இருந்தால் அந்தப் பெண்ணை நிற்க விடாமல் வைத்திருக்க ஊரில் ஒருவர் இருக்கிறார் என்று பொருள். பிறகு ஹாஸ்டல் கேட் பதிவேடு: ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை பேர் தனியாக வெளியே போய் வந்திருக்கிறார்கள்? எல்லோரும் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் திரும்பியிருந்தால் அது வெளியே விட்டதாகாது, அழைத்துப்போனதாகும். பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-இல் மாநிலச் சட்டம் வந்திருக்கிறது. மில் ஹாஸ்டல் அதன்கீழ் பதிவாகியிருக்கிறதா என்பதைக் கேட்க ஆடிட்டரே தேவையில்லை.

இத்தனையும் கேட்கிற வாங்குகிறவர் தன் பங்கையும் பார்க்க வேண்டும். மூன்று மாதக் கடனில் நூல் எடுத்து, கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துத் தரும் மில்லுக்கு அடுத்த ஆர்டரைத் திருப்பிவிட்டு, கூடவே கேள்விப் பட்டியலும் அனுப்பினால் மில்காரர் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை. குறைந்தபட்சக் கூலியும் பி.எஃப்.பும் மாதாமாதம் போனால் ஒரு கிலோ நூலுக்கு எவ்வளவு அடக்கம் ஆகும் என்று வாங்குகிறவரே கணக்குப் போடலாம். திருப்பூரில் அது தெரியாத ஆள் இல்லை. அந்த அடக்கத்துக்கும் கீழே ஒருவர் விலை சொன்னால் லாபம் என்று மகிழ்வதற்கு முன் யாருடைய பணம் அது என்று கேட்கலாம்.

2011-க்குப் பிறகு நிலைமை மாறவே இல்லை என்று சொன்னால் தவறு. சுமங்கலி என்ற பெயர் நோட்டீஸ்களிலிருந்து மறைந்துவிட்டது. மூன்று வருடக் கெடு பல இடங்களில் போய் வங்கியில் மாதச் சம்பளம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்கள் மில்லுக்கு வருவதும் குறைந்தது. கல்லூரி அவர்களை இழுத்துக்கொண்டது. 2022-இல் அரசு தன் திருமண உதவித் திட்டத்தையே மாற்றியது. கல்யாணத்துக்கு மொத்தமாகக் கொடுத்ததை நிறுத்தி, அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடும் புதுமைப் பெண் திட்டமாக்கியது. ஒரு தொகையைக் கடைசிக்கு ஒத்திவைப்பதற்கும் மாதாமாதம் பெண்ணின் கையிலேயே கொடுப்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை மில்களுக்கு முன்னால் அரசு உணர்ந்துகொண்டது போலிருக்கிறது.

காலியான ஹாஸ்டல் கட்டில்களில் இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் பெண்கள். அவர்களுடைய வீடு பஸ்ஸில் ஆறு மணி நேரத்தில் போகும் தூரத்தில் இல்லை; இரண்டு நாள் ரயில். வார்டனோடு சண்டை போடவோ, கேட்டுக்கு வெளியே டீக்கடைக்காரரிடம் புலம்பவோ பாஷை இல்லை. பழைய மூன்று வருடத் தொகைக்குப் பதில் வருகை போனஸ், வருடம் முடித்தால் ரயில் டிக்கெட் காசு என்று சின்னச் சின்னப் பாக்கிகள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் குற்றமில்லை. நல்ல முதலாளிகளும் போனஸ் கொடுக்கத்தான் செய்கிறார்கள். எது சலுகை, எது பூட்டு என்று பிரித்துக் காட்டும் இடம் ஒன்றுதான். நடுவில் ஒருத்தி ‘நான் ஊருக்குப் போகிறேன்’ என்று வந்து நிற்கும் நாள்.

மில் ஆபீஸில் அதற்கு ஒரு நோட்டு இருக்கும். பெயர், டோக்கன் நம்பர், சேர்ந்த தேதி, நின்ற தேதி, தொகை, காரணம், கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் அநேகமாக எல்லா வரியிலும் ‘சொந்தக் காரணம்’ என்றே எழுதியிருக்கும். அதை விட்டுவிடலாம். அதற்கு முந்தைய கட்டத்தில், தொகை என்று போட்டிருக்கும் இடத்தில், விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வர வேண்டும்.